சமதரையும் சாயங்காலமும்

மலைநாட்டு மைதானங்கள் – 14

2016 பெப்ரவரி 15. குவஹாட்டி நகரின் மௌலானா தயபுல்லா ஹொக்கி அரங்கில் தெற்காசிய விளையாட்டு விழாவின் மகளிர் இறுதியாட்டம். ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் இலங்கை. ஆட்டம் முடிந்தபோது கோல் கணக்கு 10–0. இலங்கைப் பெண்கள் வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார்கள்.

பத்துக் கோல் வாங்கிய அணிதானே என்று அவர்களை யாரும் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. எதிரே நின்றது 36 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருந்த மகளிர் அணி. இலங்கை மகளிர் அணியோ உலகக் கிண்ணத்தில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. அப்படிப்பட்ட அணிக்குத் தெற்காசியாவில் இரண்டாம் இடம் என்பது உழைத்துப் பெற்ற இடம்.

அந்த ஆட்டத்தை இந்தத் தொடருக்குள் கொண்டுவர எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. குவஹாட்டி ஒரு தேயிலை நகரம். 1970 முதல் அங்கே தேயிலை ஏல நிலையம் நடக்கிறது. கொழும்பில் ஏலம் தொடங்கியது 1883இல். தேயிலையை விற்று வாழ்ந்த இரண்டு நாடுகள், ஒரு தேயிலை நகரத்தில், பெண்களை முன்னிறுத்தி மோதிக்கொண்டன. அந்தத் தேயிலையை இரண்டு இடத்திலும் பறித்த கைகள் பெண்களின் கைகள். அவர்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன உறவு என்று பார்க்கப் போனால் கதை வெகுதூரம் போகிறது.

முதலில் இந்தியப் பக்கத்தைப் பார்ப்போம். அதே ஆண்டு ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்குக்குப் போன மகளிர் அணியில் இருந்த சில பெயர்கள்: தீப் கிரேஸ் எக்கா, நமிதா தொப்போ, சுனிதா லக்ரா, லிலிமா மின்ஸ், நிக்கி பிரதான். எக்கா, தொப்போ, லக்ரா, மின்ஸ் எல்லாம் ஒராவோன் பழங்குடியின் குலப்பெயர்கள். முதல் நால்வரும் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள். நிக்கி பிரதான் ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் ஹேசல் என்ற கிராமத்தில் பிறந்து, மூங்கில் கழியால் ஆடப் பழகியவர். ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக் ஹொக்கிக்குப் போன முதல் பெண் அவர்தான்.

சோட்டா நாக்பூர் மேட்டுநிலம் என்று இந்தப் பகுதியைச் சொல்வார்கள். ராஞ்சி, குந்தி, சிம்டேகா, எல்லை தாண்டினால் ஒடிசாவின் சுந்தர்கட். 19ஆம் நூற்றாண்டில் அஸ்ஸாம் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனது பெருமளவுக்கு இந்த மேட்டுநிலத்திலிருந்துதான். ஒராவோன், முண்டா, காரியா, சாந்தால் என்று குடும்பம் குடும்பமாக ஏற்றிப் போனார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் நம் பாட்டன் பூட்டன்மாரைக் கடல் தாண்டி இலங்கை மலையகத்துக்குக் கொண்டுவந்த அதே காலம். அங்கே ஒப்பந்தம், இங்கே கங்காணியின் கடன்துண்டு. கடனும் லயமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஒரு சனத்தில் ஒரு பகுதியினர் ஊரிலேயே இருந்தார்கள், மறுபகுதியினர் தோட்டத்துக்குப் போனார்கள். ஊரில் இருந்தவர்களின் பேத்திகள் இந்திய அணிக்கு ஆடினார்கள். 2002 மன்செஸ்டர் பொதுநலவாயப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் சிம்டேகாவின் சும்ராய் தேத்தேயும் சுந்தர்கட்டின் ஜோதி சுனிதா குல்லுவும் இருந்தார்கள். பிறகு அணித்தலைவியாக அசுந்தா லக்ரா வந்தார். 2024இல் அந்தப் பொறுப்பு சலீமா தேத்தேயிடம் வந்தது. டோக்கியோவில் இந்தியப் பெண்கள் நான்காம் இடம் பிடித்தபோது அந்த அணியில் ஓடிய சலீமாவின் கிராமத்து வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிகூட இல்லை என்று நாளேடுகள் எழுதின. தோட்டத்துக்குப் போனவர்களின் பேத்திகளிடமிருந்து இப்படியொரு வரிசை எழவில்லை. இரத்தத்தில் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை. உடல்வலுவைப் பேசினால், சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களுக்கு அது கூடத்தான் இருக்கும்.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்களைத்தான் என்னால் காண முடிகிறது. ஊரில் இருந்தவர்களிடம் தரை இருந்தது, பொழுது இருந்தது.

தரையைச் சொன்னால், அது சும்மா கிடைத்த தரை இல்லை. 1899–1900இல் பிர்சா முண்டாவின் தலைமையில் அந்த மண்ணில் பெரும் கிளர்ச்சி நடந்தது. பிர்சா சிறையில் இறந்தார். எட்டாண்டு கழித்து 1908இல் பழங்குடியினரின் காணி வெளியார் கைக்குப் போகாமல் தடுக்கும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. ஆகவே ஏழையென்றாலும் ஊருக்கு ஒரு பொதுவெளி மிஞ்சியது. அறுவடை முடிந்தால் வயலும் மைதானம். லூத்தரன் மிஷனும் கத்தோலிக்க மிஷனும் பள்ளிகளில் ஹொக்கியைப் புகுத்தியபோது, ஆட்டத்துக்கு இறங்க இடம் தயாராக இருந்தது. ஆங்கிலிக்கன் மிஷன் பள்ளி ஒன்றிலிருந்து போன ஜெய்பால் சிங் முண்டாதான் 1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைத் தலைமை தாங்கிக் கொண்டுபோனார். இந்தியாவுக்கு ஹொக்கியில் கிடைத்த முதல் தங்கம் அது.

அங்கே ஊருக்கு ஊர் நடக்கும் போட்டிகளில் பரிசு ஒரு கடா. ‘கஸ்ஸி’ போட்டி என்பார்கள். வெறுங்கால், வளைத்த மூங்கில் கழி, மரக்கட்டையைச் செதுக்கிய பந்து. வென்ற அணி கடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பும், அன்றிரவு ஊருக்கே சோறு. ஆண்கள் ஆடும் போட்டி முடிந்த கையோடு பெண்களும் இறங்குவார்கள். ஒரு சிறுமிக்கு ஹொக்கி என்பது பள்ளி வாத்தியார் தரும் பயிற்சிக்கு முன்பே திருவிழாவாக வந்து சேர்ந்துவிடுகிறது. உலகத்தரமான ஆட்டக்காரிகள் இப்படித்தான் விளைந்தார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம்.

இலங்கையில் ஹொக்கிக்குப் பெயர்போன ஊர் மாத்தளை. நகரப் பள்ளிகள் ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்று பாராமல் அந்த ஆட்டத்தை வளர்த்திருக்கின்றன. மாத்தளை என்று சொன்னதும் மலையகத்தாருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே, காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்து நடந்து வந்தவர்கள் முதலில் தலைசாய்த்த இடம் மாத்தளை. முத்துமாரியம்மன் கோவில் அந்த வருகையின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. ஹொக்கியின் தாய்வீடும் நம் சனத்தின் வாசற்படியும் ஒரே ஊர். ஆனால் நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே தங்கவில்லை. மேலே, இன்னும் மேலே, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, லிந்துலை என்று மலையேற்றி விடப்பட்டார்கள். பள்ளத்தாக்கில் கிடந்த மாத்தளைக்கு 1880இல் இரயில் வந்தது. ஹட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். இரயிலேறி வந்தவற்றில் துரைமாரின் ஆட்டங்களும் அடக்கம்.

மேல்மலையில் முதலில் எழுந்த பெரிய மைதானங்கள் துரைமார் கழகங்களுக்கானவை. டிக்கோயாவுக்குத் தரவளை, டிம்புளைக்கு ராதெல்ல. இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் அவற்றை விரிவாகப் பார்த்தோம். கிரிக்கெட், ரக்பி, டென்னிஸ், ஹொக்கி எல்லாம் அந்தப் புல்லில் நடந்தன. புல்லை வெட்டியதும் உருளையை இழுத்ததும் நம் ஆட்கள். ஆட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. துரைசானிமார் வேலியோரம் நாற்காலி போட்டு அமர்ந்தார்கள், சில வேளை தாங்களும் மட்டையைப் பிடித்தார்கள். கொழுந்துக்காரப் பெண் அந்தப் பக்கம் போனால் அது கூடையோடு கடந்து போவதற்காக மட்டும்.

மேல்மலையில் சமதரை என்பது ஓர் அரிய பண்டம். தேயிலைக்குச் சரிவு வேண்டும், நீர் தேங்கக் கூடாது. அந்தச் சரிவில் எங்காவது நான்கு முழம் மட்டமாகக் கிடந்தால் அதில் ஸ்டோர் நிற்கும், இல்லையென்றால் பெரிய துரையின் பங்களா நிற்கும். லயங்கள் மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். லயத்துக்கு முன்னால் இருப்பது ஒரு கான், ஒரு நடைபாதை, அதற்கப்பால் மறுபடியும் சரிவு. கரப்பந்தாட்டத்துக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் போதும். அதனால்தான் தோட்டத்துக்குத் தோட்டம் கரப்பந்து வலையைக் காண்கிறோம். கிரிக்கெட்டைப் பாதையிலும் ஆடிவிடலாம். உதைபந்து மேடுபள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஹொக்கிக்கு அது ஆகாது. பந்து தரையோடு தரையாக ஓட வேண்டிய ஆட்டம் அது. சிறு கல் இருந்தாலும் பந்து துள்ளி முழங்காலைப் பதம் பார்க்கும். முழு மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம்.

இதை நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 200 பேர்ச்சஸ். தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி தருவதாகப் பேச்சு எழுந்து, 2015க்குப் பிறகு சிலருக்கு உறுதியும் கிடைத்தது. அந்த அளவுக்கு ஒரு ஹொக்கி மைதானம் என்றால் 28 குடும்பங்களின் காணி. ஒன்றரை நூற்றாண்டு உழைத்த சனத்துக்கு 7 பேர்ச்சஸ் கொடுக்கவே இத்தனை இழுபறி என்றால், 200 பேர்ச்சஸ் சமதரையை அவர்களின் பெண்பிள்ளைகள் ஓடி ஆட யார் ஒதுக்குவார்கள்? இந்தக் கேள்வியை நான் கோபத்தோடுதான் கேட்கிறேன். ஹட்டனில் டன்பார் மைதானம் இருக்கிறது, நோர்வூட்டில் தொண்டமான் பெயரில் விளையாட்டரங்கு இருக்கிறது. அவற்றின் அருமையை நான் குறைக்கவில்லை. இத்தனை தோட்டங்களுக்கு அவை போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெண்கள் ஹொக்கியின் உலகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1887இல் இங்கிலாந்தின் மோல்சியில் பெண்களுக்கான முதல் கழகம் தொடங்கியது. 1895இல் ஆங்கிலேயப் பெண்கள் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி ஆண்களின் சங்கத்தைக் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்தத் தனிவழி 1927இல் எட்டு நாடுகள் சேர்ந்த அனைத்துலக மகளிர் சம்மேளனமாக வளர்ந்தது. 1933இல் கொப்பன்ஹேகனில் கூடினார்கள், 1936இல் பிலடெல்பியாவில். போருக்குப் பிறகு ஜொஹனஸ்பேர்க், போக்ஸ்டன், சிட்னி, அம்ஸ்டர்டாம் என்று தொடர்ந்தார்கள். பல தசாப்தம் அந்தப் போட்டிகளில் வாகையர் யார் என்று அறிவிப்பதில்லை. கூடி ஆடுவதே நோக்கம். 1975 எடின்பரோவில்தான் உலக வாகையர் பட்டம் வந்தது, இங்கிலாந்து வென்றது. இதற்கிடையில் ஆண்களின் உலக சம்மேளனம் 1974இல் பிரான்சின் மொந்தெலியூவில் பெண்களுக்கு உலகக் கிண்ணம் ஒன்றை நடத்தியது. நெதர்லாந்து முதலிடம், ஆர்ஜென்டினா இரண்டாமிடம், இந்தியா நான்காமிடம். எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு அமைப்புகளும் ஒன்றாயின.

இந்த ஆட்டத்தை மட்டையோடு காலனிகளுக்குக் கொண்டுவந்தவர்களில் இங்கிலாந்தில் உடற்பயிற்சிக் கல்வி பெற்ற ஆசிரியைகள் முக்கியமானவர்கள். கண்டியில் மெதடிஸ்ட் மிஷன் 1879இல் தொடங்கிய பெண்கள் உயர்தரப் பாடசாலை, 1890இல் வந்த ஹில்வுட், கொழும்பின் லேடீஸ் கல்லூரி போன்ற இடங்களில் நகரத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் படித்தார்கள். அங்கே மைதானமும் இருந்தது, மாலையில் ஆடிவிட்டு வந்தால் சமைத்து வைக்க வீட்டில் ஆளும் இருந்தது. அந்தப் பெண்கள் ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள். அதே ஆண்டுகளில் தோட்டத்துப் பெண்பிள்ளை தோட்டப் பள்ளி என்ற ஓரறைக் கொட்டிலில் ஒரே வாத்தியாரிடம் ஐந்தாம் வகுப்பு வரை எழுத்துக் கூட்டிவிட்டுக் கொழுந்து மலைக்குப் போனாள். தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

1980 மொஸ்கோவில் மகளிர் ஹொக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் நடந்தது. பல நாடுகள் புறக்கணித்த போட்டி. கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, சில வாரங்களில் சேர்த்த அணியோடு போன சிம்பாப்வே தங்கம் வென்றது. இந்தியா நான்காவது. சிம்பாப்வே அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்தது. நாட்டின் பெரும்பான்மை கறுப்பின மக்கள். அணியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். குடியேறிகளின் கழகங்களிலும் பள்ளிகளிலும் வளர்ந்த ஆட்டம், அவர்களோடேயே மொஸ்கோ வரை போனது. அந்த வீராங்கனைகளின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. புல்தரை யாரிடம் இருந்ததோ அவர்களிடமிருந்துதான் அணி வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நம் தரவளையையும் ராதெல்லவையும் நினைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் படித்தால் விளங்கும்.

இனிப் பொழுதைப் பற்றி. இதைத்தான் நம்மவர்களே சரியாகக் கணக்கெடுப்பதில்லை.

தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாள், பெண்ணுக்கு வேறொரு நாள். காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டு இருவருக்கும் ஒன்று. ஆணுக்குக் கவ்வாத்து, கான் வெட்டு, முள்ளுக்குத்து, மருந்தடிப்பு. கொடுத்த கணக்கை முடித்துவிட்டால் மதியம் திரும்பியதும் வீடு. பெண்ணுக்குக் கொழுந்து. காலை நிறுவை, மதிய நிறுவை, பிறகு அந்தி நிறுவை. நாலரை மணிக்கு மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசை நிற்கும். படங்கு நனைந்திருக்கும், தலைக்கயிறு நெற்றியில் தடம் பதித்திருக்கும். கணக்கப்பிள்ளை நிறுவைத் துண்டைப் பார்த்து, கூடையின் பாரத்துக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோ என்று கழிப்பார். தோட்டம் கேட்கும் அளவு 16 கிலோ, 18 கிலோ என்று இடத்துக்கு இடம் மாறும், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அங்கிருந்து பிள்ளைக்காம்பராவுக்குப் போய்க் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வழியில் விறகு ஒரு கட்டும் சேர்த்து, லயத்துக்கு ஏறும்போது பொழுது சாய்ந்துவிடும். அடுப்பு அப்போதுதான் பற்ற வேண்டும்.

மதியம் முடிந்த ஆண்களின் பொழுதில் கரப்பந்து வளர்ந்தது, உதைபந்து வளர்ந்தது, தோட்டத்து அணிகளும் கிண்ணங்களும் வந்தன. பெண்ணுக்கு அந்தப் பொழுது கிடைக்கவில்லை. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்று போராடி வென்றோம். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் அது பெரிய வெற்றி. நேரம் மட்டும் சமமாகவில்லை. சிம்டேகாவின் வயலுக்குப் பருவம் உண்டு, நாற்று நடவு முடிந்தால் ஓய்வு, அறுவடை முடிந்தால் திருவிழா. நம் மலையில் கொழுந்துக்கு ஓய்வில்லை. ஏழெட்டு நாளில் மறுபடியும் அதே மலைக்கு வந்து நிற்க வேண்டும், பன்னிரண்டு மாதமும்.

‘தாய்க்குத்தான் வேலை, மகள் ஆடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வருகிற பெண்பிள்ளையின் பையை இறக்கியதும் அவள் கையில் குடம் ஏறுகிறது. பீலியில் தண்ணீர், தம்பி தங்கைக்குச் சோறு, தாய் வருவதற்குள் கூட்டிப் பெருக்கிய காம்பரா. தாயின் சாயங்காலத்தைத் தோட்டம் எடுத்துக்கொள்கிறது, மகளின் சாயங்காலத்தைத் தாயின் வீடு எடுத்துக்கொள்கிறது. அண்ணன் மட்டும் மைதானத்தில் இருப்பான். பெற்றோரைக் குறைசொல்லி இதைத் தீர்க்க முடியாது. வேலைநேரத்தைப் பற்றிப் பேசாமல் தோட்டத்துப் பெண்களின் விளையாட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் முடிவு.

தரையும் பொழுதும் எப்படியோ கிடைத்து ஒருத்தி ஆடிக் காட்டியிருந்தாலும், அனைத்துலகப் போட்டி என்று வந்தால் இன்னொன்று வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு நாடு வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் சனத்தில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. போக்ஸ்டன், சிட்னி, அம்ஸ்டர்டாம் என்று பெண்கள் கூடிய அந்த ஐம்பதுகள் முழுவதும், டிக்கோயாவின் லயத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இலங்கைக் கடவுச்சீட்டும் இல்லை, இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை. அவள் எந்த நாட்டின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குவாள்? 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. மொந்தெலியூவில் பெண்களின் முதல் உலகக் கிண்ணம் நடந்தது அதே 1974இல்தான். அந்த வருடத்தை மலையகம் வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. மாவும் அரிசியும் இல்லாத பஞ்சம், லயத்துக்கு லயம் பட்டினிச் சாவு. கடைசி நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது, 35ஆம் இலக்கம். இடையில் போன ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை ஆட்டக்காரிகள் பிறந்து, ஆடாமலே முடிந்தார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்க முடியாது.

குடியுரிமை கைக்கு வந்தபோது தரையே மாறிவிட்டிருந்தது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து ஹொக்கி செயற்கைப் புல்லுக்குப் போய்விட்டது. இப்போது உயர்தர ஆட்டமெல்லாம் தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில். பந்தின் வேகம் வேறு, மட்டையைத் தாழப் பிடிக்கும் விதம் வேறு, குனிந்து ஓடும் விதமும் வேறு. மண்ணில் மட்டும் பழகிய பெண்ணுக்கு முதல் நாள் அந்தத் தரையில் கால் நிற்காது. இந்திய, பாகிஸ்தான் ஆண்களின் பழைய ஆதிக்கமே அதில்தான் சரிந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இலங்கையில் அப்படிப்பட்ட தரை கொழும்பில் இருக்கிறது, மாத்தளையில் நந்திமித்ர ஏக்கநாயக்க அரங்கில் இருக்கிறது. மாத்தளையில் வந்தது நியாயம், அந்த ஊர் அதற்கு உரித்துடையது. ஆனால் பொகவந்தலாவைப் பிள்ளை ஒருத்தி பள்ளி முடிந்து மாத்தளைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து அன்றைக்கே வீடு திரும்ப வழியில்லை. ஹட்டனுக்கு ஒரு பஸ், கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாத்தளைக்கு இன்னொன்று. போய்ச் சேர்வதற்கே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். பள்ளிப்படிப்பு முடிந்தபிறகும் தொடர்ந்து ஆட வேண்டுமானால் இலங்கைப் பெண்களுக்கு முப்படை அணிகள் பெரிய ஆதாரம். அந்த வாசலும் நம் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

ஆகவே குவஹாட்டி ஆட்டத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பத்துக் கோல்களைப் பார்க்கும்போது, இந்தியா எதைச் செய்தது என்று கேட்கத் தோன்றுகிறது. சிம்டேகாவும் சுந்தர்கட்டும் கிராமத்து ஆட்டத்தால் மட்டும் ஒலிம்பிக்குக்குப் போய்விடவில்லை. ராஞ்சியில் பரியாத்து என்ற இடத்தில் பெண்களுக்கென்று ஹொக்கிப் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. நிக்கி பிரதான் போன்ற கிராமத்துச் சிறுமிகள் அங்கே தங்கிப் படித்து ஆடினார்கள். ஒடிசாவில் ரூர்கேலாவுக்குப் பக்கத்தில் பான்போஷ் விளையாட்டு விடுதி 1985இல் வந்தது, நமிதா தொப்போ அந்த வாசலில் வந்தவர். தங்க இடம், மூன்று வேளை சோறு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், வாசலை விட்டு இறங்கினால் மைதானம். பெண்பிள்ளையைப் பத்து, பன்னிரண்டு வயதில் அங்கே சேர்த்துவிட்டால் அவள் சாயங்காலம் அவளுக்கே சொந்தமாகிறது. குடம் தூக்க யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு நல்ல தரையை நூறு ஊர்ப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளவும் முடிகிறது, ஊருக்கு ஊர் 200 பேர்ச்சஸ் தேட வேண்டியதில்லை.

மேல்மலைக்குப் பொருந்துகிற வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். தோட்டத்துக்குத் தோட்டம் மைதானம் வெட்டுவதாக மேடையில் சொல்லும் வாக்குறுதிகளைப் பல தேர்தல்களாகக் கேட்டுவிட்டோம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலையோடு சேர்த்து 60 பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்று, பக்கத்தில் ஒரு செயற்கைப் புல்தரை, மாத்தளையிலிருந்து வந்து பழக்க இரண்டு பயிற்றுநர்கள். மாத்தளையில் ஆட்டமறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தரவளைக் கழகத்தின் புல்லில் ஒரு மூலையைக் கேட்டாலும் தப்பில்லை, அதை மட்டமாக்கியது யாருடைய கைகள் என்பது எல்லாருக்கும் தெரியும். தோட்டக் கம்பனிகள், கல்வி அமைச்சு, விளையாட்டு அமைச்சு, நம் தொழிற்சங்கங்கள் என்று நால்வரும் ஒரு மேசையில் அமர வேண்டிய காரியம் இது. சம்பளப் பேச்சில் ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபா என்று வாதாடுகிற அதே மேசையில், கொழுந்துக்காரப் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதையும் எடுத்து வைக்க வேண்டும்.

(தொடரும்)